சந்தனப் பொட்டுக்குக் கீழே எரிந்த விளக்கு

பாப்பா, பசியாறிவிட்டு இதைப் படி, நீளமாக எழுதப்போகிறேன். டிரைவர் வேலை பார்க்கிறவன் சொல்லவந்த விஷயத்துக்கு நேராகப் போய்ச் சேர்வான் என்று நீ எதிர்பார்த்தால் அது உன் தப்பு. நம் மலை ரோட்டில் எது நேராகப் போயிருக்கிறது? உன் கடிதம் வியாழக்கிழமை ஆபீஸ் தபால் பையோடு வந்தது. கணக்கு எழுதுகிற கிராணி அதை என் கையில் கொடுத்துவிட்டு, மகளுக்குக் கல்யாணச் சேலை எடுத்தாச்சா என்று விசாரித்தார். ஆச்சு என்று பெருமையாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் சேலை எடுத்த இடத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தது.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். ஈப்போ துணிக்கடையில் மாப்பிள்ளையின் அக்கா உன் தோளில் கூறைச்சேலையைப் போட்டு அழகு பார்த்துக்கொண்டே, கல்யாணம் முடிந்து கொஞ்ச மாசம் போகட்டும், அப்புறம் நர்ஸ் வேலைக்கு, அதுவும் ராத்திரி ஷிப்டுக்கு, யார் விடப்போகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். உன்னிடம் கூட இல்லை, கடைக்காரப் பெண்ணிடம். நீ வேலையை விடமாட்டாய் என்பது பரிசம் போட்ட அன்று நம் வீட்டு ஹாலில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி முடித்த விஷயம். வெளியே வந்ததும் மாப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறாய். அவர் சிரித்துவிட்டு, அக்கா அப்படித்தான் பேசும், விடு என்று சொல்லிவிட்டு ஐஸ் தண்ணி வாங்கப் போய்விட்டார். இது சின்ன விஷயமா, நான்தான் பெரிசு பண்ணுகிறேனா, தை மாசம் தாலி கட்டப்போகிறவரிடம் திரும்பவும் கேட்டு எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்வேனா என்று என்னைக் கேட்கிறாய்.

உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சின்ன விஷயம்தான், எந்த நாத்தனார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். சாயங்காலம் கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தியைக் கீழே வைத்தாள். "அதெல்லாம் சரிங்க, அந்தத் தம்பி ஏன் சிரிச்சிச்சு?" என்று கேட்டாள். பார்த்தாயா, அவளுக்கும் அது உள்ளே குடைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சின்னதா பெரிதா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, உன் அம்மாவுக்கும் தெரியாது. கழற்றிப் பார்க்காமல் யாருக்குமே தெரியாது. நான் ஏதோ பெரிய மனுஷன் மாதிரி பேசுகிறேன் என்று நினைக்காதே. நம் தோட்டத்து மானேஜர் துரையின் காரில் பட்ட பாட்டிலிருந்து சொல்கிறேன். அப்போது நீ பள்ளிக்கூடத்தில் பாரம் ஐந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று வீட்டில் மூச்சு விடவில்லை.

அந்த ஜெர்மன் கார் ஞாபகம் இருக்கும். கரும்பச்சை நிறம், கதவைச் சாத்தினால் சத்தமே வராது. புதுத் துரை வந்தபோது கூடவே வந்தது. அதுவரை நான் ஓட்டியதெல்லாம் தோட்டத்து ஜீப்பும் லோரியும்தான். அதுகளில் பிரேக் தேய்ந்தால் வண்டி வாயைத் திறந்து சொல்லாது. மிதிக்கிற காலும் கேட்கிற காதும்தான் கண்டுபிடிக்க வேண்டும். இது படித்த வண்டி. முன்சக்கரம் இரண்டிலும் பிரேக் கட்டைக்குள் ஒரு சின்ன ஒயர் வைத்திருப்பார்கள், சென்சர் என்று பேர். கட்டை தேய்ந்து தேய்ந்து ஒயர் இருக்கிற இடம் வரை வந்துவிட்டால், அதன் முனை சுழலுகிற இரும்புத் தட்டில் உரசும். உரசியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் கண்ணாடிக்குள் ஒரு சிவப்பு விளக்கு எரியும். கட்டையை மாற்று என்று அர்த்தம். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து விளக்கு ஒன்றே ஒன்றுதான். இதை மட்டும் மனதில் போட்டு வைத்துக்கொள்.

ஒரு புரட்டாசி மாசம், ரிங்லெட்டைத் தாண்டித் தாப்பாவுக்கு இறங்குகிற வளைவில் அந்த விளக்கு எரிந்தது. பின் சீட்டில் துரைசானி. ஒரு இடத்தில் வண்டியைத் திருப்பி, ஊர்ந்து ஊர்ந்து மேலே ஏறினேன். பின்னால் வந்த காய்கறி லோரிக்காரன் ஹாரனிலேயே என் பரம்பரையைத் திட்டிக்கொண்டு வந்தான். நேராகத் தானா ராத்தா ஒர்க்‌ஷாப்புக்குப் போய் அதன் முதலாளி தவுக்கேயிடம் விட்டேன். மனுஷன் இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார். கட்டைகள் தடியாக, நன்றாகவே இருந்தன. இடது பக்க ஒயரில்தான் மேல் உறை கிழிந்து, உள்ளே இருக்கிற செம்பு இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. ஒயர் ரோசாக், கெட்டுப்போச்சு, பிரேக் நல்லா இருக்கு, புது சென்சர் கோலாலும்பூரிலிருந்து வரவேண்டும், அதுவரை எரிந்தால் எரியட்டும் என்றார். அன்றைக்கு அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

ஆனால் பொய்யாக எரிகிற ஒரு விளக்கோடு குடித்தனம் நடத்துவது இருக்கிறதே, அது பெரிய இம்சை பாப்பா. முதலில் ஒவ்வொரு வளைவுக்கும் அதைப் பார்த்தேன். பிறகு அதைப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக ரோட்டைப் பார்த்தேன், அதுவும் அதைப் பார்க்கிற மாதிரிதான். ஏறி உட்காருகிறவர்கள் எல்லாம் அது என்ன சிவப்பாக எரிகிறது என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது.

அப்புறம் ஆயுத பூசை வந்தது. நம் தோட்டத்து வழக்கம் உனக்குத் தெரியும், எல்லா வண்டியையும் கழுவி மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் வரிசையாக நிறுத்துவோம். எஞ்சினை ஓடவிட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நகர்த்துவோம். பூசாரி காரின் முன்பக்கம் வைத்தார், ஸ்டியரிங்கில் வைத்தார், பிறகு உள்ளே குனிந்து, அந்தச் சிவப்பு விளக்கு எரிகிற கண்ணாடியின் மேலேயே கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்துவிட்டார். ஏன் பூசாரி அங்கே என்று கேட்டேன். எரிகிற இடம்தானே வண்டிக்கு நெற்றி என்றார். கூடி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் மேளக்காரர் தாளத்தை விட்டுவிட்டார். "சாமியே அது வாய மூடிட்டாருலா, இனிமே உனக்குத் தொல்லை இல்ல" என்றான் லோரி டிரைவர். நானும்தான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

சாமி பொட்டை யார் துடைப்பது? தானாக உதிரட்டும் என்று விட்டுவிட்டேன். நம் குளிருக்கும் பனிக்கும் அது உதிர்கிற வழியாக இல்லை, சுவரில் பூசிய சிமெண்டு மாதிரி இறுகிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, மனது நிம்மதியாகத்தான் இருந்தது. யாரும் கேள்வி கேட்கவில்லை. நானும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினேன். மழை நாளில் வலது பக்கச் சக்கரத்தில் லேசாக ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது, ஈரம் என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி கழிந்து சென்சர் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை துரையும் துரைசானியும் கைக்குழந்தையோடு கோலாலும்பூர் போவதாக இருந்தார்கள். தோட்டத்துப் பட்டறையில் காரை நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைக் கழற்றினேன். கட்டையைப் பிடித்திருக்கிற இரண்டு ஊசிகளையும் தட்டி எடுத்து, கட்டையை வெளியே இழுத்து, பழைய ஒயரைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் சொருகினேன். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, பெடலை நன்றாக மிதித்து இறுக்கினேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, நீகூடச் செய்துவிடுவாய். விளக்கு அணைந்ததா என்று பார்க்க வேண்டுமே? ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தேன், சாமியிடம் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். எஞ்சினை ஓடவிட்டால், விளக்கு எரிகிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. புது சென்சரும் ஓட்டை என்று கடைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மறுபடியும் இடது சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் வலது சக்கரத்தைக் கழற்றினேன். அழுத்துகிற பிஸ்டன் துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டு, உள்பக்கக் கட்டையை விடாமல் தேய்த்திருக்கிறது. கட்டை இருந்த இடத்தில் காகிதக் கனத்துக்குத்தான் மிச்சம். அந்தப் பக்கத்துச் சென்சர் தட்டில் உரசி உரசிப் பளபள என்று இருந்தது. அது தன் வேலையைச் செய்திருக்கிறது. கத்தியிருக்கிறது. ஆனால் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறதே, இன்னொரு தடவை எப்படி எரியும்? புரட்டாசியில் பொய்யாக எரிந்தது, ஐப்பசியில் எந்த நாளிலோ மெய்யாக எரிய ஆரம்பித்திருக்கிறது. இரண்டுக்கும் அதே சிவப்புதான்.

துரையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அந்தக் கட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேற்றுக்கூடத் தாப்பா போய்வந்தோமே என்று மட்டும் கேட்டார். ஆமாம் துரை என்றேன். பயணத்தைத் தள்ளிப்போட்டு, தவுக்கேயிடம் கொடுத்துப் பிஸ்டனைச் சரிபண்ணி, புதுக் கட்டையும் வலது பக்கத்துக்குப் புதுச் சென்சரும் போட்டோம். அதற்குப் பிறகு சாவியைத் திருப்பினால் அந்த விளக்கு ஒரு தடவை எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணையும். அணைந்த விளக்கைப் பார்த்து நான் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை சிரித்ததற்குப் பின்னால் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். அக்காவின் பேச்சு வெறும் பேச்சாகவே போகலாம். நல்ல பிள்ளை என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனாலும் அந்தக் கேள்வியை அப்படியே எரியவிட்டு, அதன் மேல் கல்யாணச் சந்தனத்தைப் பூசிவிடாதே. நாம் சந்தனம் குங்குமம் வைக்கத் தெரிந்த சனம், எதன் மேல் வேண்டுமானாலும் வைத்துவிடுவோம். பரிசத்தன்று தட்டுக்கு வைத்தோம், தேங்காய்க்கு வைத்தோம், வந்தவர்கள் எல்லாருக்கும் வைத்தோம். அன்றைக்கு யாராவது எதையாவது கேட்டால் அபசகுனம் என்று வாயைப் பொத்துவோம். சந்தனத்தில் ஒரு குற்றமும் இல்லை, வைக்கிற இடத்தில்தான் இருக்கிறது. அந்தச் சந்தேகம் பொய் என்றால், பொய் என்று தெரிந்துகொண்டு அணைத்துவிடு. அணைக்காமல் விட்டால், என்றைக்காவது நிஜமாகவே ஒன்று எரியும்போது, இது அந்தப் பழையதுதானே என்று நீ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போவாய். எனக்குப் பயம் அதுதான்.

கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உன் அம்மாவைவிட வேறு சாட்சி வேண்டாம். கல்யாணமான புதிதில் அவள் என்னைச் செவிடு என்று நினைத்தாள். அப்போது நான் டிராக்டர் ஓட்டினேன், வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், கூப்பிட்டால் சட்டென்று திரும்பமாட்டேன். புருஷனிடம் உங்களுக்குக் காது கேட்காதா என்று எப்படிக் கேட்பது? அதனால் அவளாகவே முடிவு பண்ணிக்கொண்டு, எதைச் சொன்னாலும் உரக்கக் கத்திச் சொன்னாள். சோறு போடட்டுமா என்பதையே லயத்து வீடு அத்தனைக்கும் கேட்கிற மாதிரி கேட்பாள். நானோ, ஐயோ, சரியான ராங்கிக்காரியைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருப்பேன். நான் பேசாமல் இருக்க இருக்க, செவிடு முற்றிவிட்டது என்று அவள் இன்னும் கத்துவாள். கடைசியில் பக்கத்து வீட்டு அம்மா, ஏன் தாயி எந்நேரமும் சண்டை என்று சமாதானம் பேச வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. இதை எழுதுகிறேன் என்று அவளிடம் சொன்னேன், எழுதுங்க எழுதுங்க, இன்னிக்கும் பாதி காது செவிடுதான் என்கிறாள்.

எங்கள் கதை சிரிப்பாக முடிந்தது. உன்னுடையது உன் உழைப்பு சம்பந்தப்பட்டது. இந்த லயத்திலிருந்து போய் வெள்ளை உடுப்புப் போட்ட முதல் பெண் நீ. அந்த வேலை வேண்டும் என்று நீ நினைக்கிறவரை அதை யாரும் கடைக்காரப் பெண்ணிடம் போகிற போக்கில் சொல்லி முடித்துவிட முடியாது. அதனால் கேள். ஷிப்ட் முடிந்து களைத்துப்போய் நிற்கும்போது கேட்காதே, அவர் அக்காவை வைத்துக்கொண்டும் கேட்காதே. பகலில், எங்காவது உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக் கேள். கோபப்படாதீங்க என்று மட்டும் ஆரம்பிக்காதே. அப்படி ஆரம்பித்தால் அது கோபப்பட வேண்டிய விஷயம் என்று நீயே அவருக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும். கேட்டதற்கே கோபம் வருகிற ஆள் என்றால், அதைத் தைக்கு முன்னால் தெரிந்துகொள்வதில் நமக்கு என்ன நஷ்டம்? நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா.

இதுவரை எழுதியது வெள்ளிக்கிழமை. காலையில் தபால் பையில் சேர்க்கலாம் என்று வைத்திருந்தேன். நல்லவேளை சேர்க்கவில்லை.

இன்று சனிக்கிழமை பத்துமணி வாக்கில், நான் வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், பனிக்குள்ளிருந்து ஒரு ஆள் வருகிறார். பார்த்தால் மாப்பிள்ளை. கையில் ஆரஞ்சுப் பை, மேலே போட்டிருக்கிறது மெல்லிசுச் சட்டை, குளிரில் உதடு நீலமாக இருக்கிறது. ஈப்போவிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அம்மா தேத்தண்ணி கொடுத்தாள். கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"மாமா, அன்னிக்குக் கடை வாசல்ல நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார்.

உன் கடிதம் வந்ததைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. "ஏன் தம்பி சிரிச்சீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"பயந்துட்டேன் மாமா. அம்மா போனதுக்கு அப்புறம் அக்காதான் என்னை வளர்த்தது. அதுகிட்ட ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல. உங்க பொண்ணு கேட்டதும் என்ன சொல்றதுன்னு தெரியல, சிரிச்சிட்டேன். அதுக்கப்புறம் அவங்க என்கிட்ட சரியாவே பேசல."

அக்காவிடம் இனிமேலாவது பேசுவீர்களா என்று கேட்டேன். பேசிவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னார். வேலை அவங்களுடையது, விடுவதும் வைத்துக்கொள்வதும் அவங்க இஷ்டம், இது நான் அவங்க அப்பாவிடம் கொடுத்த வார்த்தை என்று சொன்னாராம். அக்கா என்ன சொன்னார் என்று உன் அம்மா கதவோரத்திலிருந்து கேட்டாள். "நேத்திலேர்ந்து எனக்குச் சோறு போடல அத்தை" என்றார். உன் அம்மா உள்ளே போய் இலை போட்டுவிட்டாள். மனுஷன் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தால் பொய் சொன்ன மாதிரி தெரியவில்லை.

எனக்கு மனது நிறைந்துவிட்டது, மறைப்பானேன். அந்த இடத்திலேயே எல்லாம் சரியாகிவிட்டது, போய் வாருங்கள் மாப்பிள்ளை என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை. அவர் வார்த்தை கொடுத்தது எனக்கு என்றாலும் வேலைக்குப் போகப்போவது நான் இல்லையே. அந்த அக்காவும் லேசில் விடமாட்டார், இன்னும் பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அதைத் தாங்க வேண்டியதும் நீதான். இதையெல்லாம் பாப்பாவிடம் நேரில் சொல்லுங்கள் என்றேன். திங்கட்கிழமை உனக்கு ஓய்வுநாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு உன் நர்ஸ் ஹாஸ்டலுக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

பஸ்ஸுக்குப் பிரிஞ்சாங் வரை நான்தான் ஜீப்பில் கொண்டுபோய் விட்டேன், என் கம்பளிச் சட்டையையும் கொடுத்தேன். ஏறுவதற்கு முன்னால் திரும்பி நின்று, "அவங்க என்ன சொல்லுவாங்க மாமா?" என்று கேட்டார்.

"தெரியாது தம்பி" என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது.

நாளைக் காலை ஈப்போவுக்குத் தேயிலை ஏற்றிப் போகிற லோரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், அவர் வருவதற்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும். நான் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று அவரிடம் காட்டிக்கொள்ளாதே. அவர் வாயாலேயே வரட்டும். பொறுமையாகக் கேள், கேட்க நினைப்பதையெல்லாம் கேள். பிறகு நீ என்ன சொல்கிறாயோ, அதைத்தான் நானும் உன் அம்மாவும் ஊருக்குச் சொல்வோம்.